300 மூட்டை அரிசி, ஒரு சிவப்பு நூல்

முதலில் விழுந்தவர் அப்பா.

பெரிய வீட்டம்மாளைப் பார்க்கப் போன மகள் இருட்டியும் திரும்பவில்லையே என்று, கண் தெரியாத சிம் ஹக்-க்யூ கம்பை ஊன்றிக்கொண்டு தேடிக் கிளம்புகிறார். கால் இடறி ஓடையில் விழுகிறார். அந்தப் பக்கம் வந்த பௌத்தத் துறவி ஒருவர் கரையேற்றுகிறார். ஏற்றிவிட்டுச் சும்மா போகவில்லை. எங்கள் புத்தருக்கு 300 மூட்டை அரிசி காணிக்கை வைத்தால் பார்வை திரும்பும் என்று ஒரு வார்த்தையைப் போட்டு வைக்கிறார். மறுவேளை உலையில் எதைப் போடுவது என்று தெரியாத வீடு அது. ஆனாலும் மனிதர் அந்த ஆசையில் சரியென்று சொல்லிப் பெயரையும் எழுதச் சொல்லிவிடுகிறார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் வயிற்றைக் கலக்குகிறது.

மகள் சிம் சொங்குக்கு வயது 15. பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்தவள். கைக்குழந்தையோடு அப்பா ஊர்ப் பெண்களின் வாசல் வாசலாக நின்று கெஞ்சி வாங்கிய பாலில் வளர்ந்தவள். அந்த நேரம் பார்த்து ஊருக்குள் வணிகக் கப்பல்காரர்கள் வருகிறார்கள். இந்தாங்சு என்ற கடற்பகுதியைக் கப்பல் கடக்க வேண்டுமானால் கடல் அரசனுக்கு 15 வயதுக் கன்னிப்பெண் ஒருத்தியைப் பலி கொடுக்க வேண்டும். என்ன விலையானாலும் தருகிறோம் என்கிறார்கள். அவள் விலை சொல்கிறாள். 300 மூட்டை. பழைய கொரிய அளவையில் அது 300 'சொக்'. எந்தக் காலத்துச் சொக்கை எடுத்துக் கணக்குப் போட்டாலும் லாரி லாரியாக வரும் அரிசி.

அப்பாவிடம் பொய் சொல்கிறாள்: பெரிய வீட்டில் என்னைத் தத்து எடுத்துக்கொள்கிறார்கள், அரிசி அவர்கள் கொடுத்தது. கிளம்பும் நாள் காலையில் அவருக்குக் கடைசியாக ஒருவேளைச் சோறு ஆக்கிப் போட்டுவிட்டுத்தான் உண்மையைச் சொல்கிறாள். நடுக்கடலில் கப்பல் முனையில் நின்று கும்பிட்டு, பாவாடையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு குதிக்கிறாள்.

பிறகு நடப்பதெல்லாம் மாயம். கடல் அரசனின் மாளிகை, அங்கிருந்து தாமரை மொட்டுக்குள் மறுபடி மேலே வருவது, பேரரசன் அந்தப் பூவைத் திறந்து அவளை ராணியாக்குவது, அவள் நாட்டிலுள்ள பார்வையற்றவர்களுக்கெல்லாம் விருந்து வைப்பது, கடைசிப் பந்தியில் கந்தலோடு வந்து உட்காரும் கிழவர், மகளின் குரலைக் கேட்டதும் திறக்கும் கண்கள். கொரியாவில் இந்தக் கதை தெரியாமல் யாரும் வளர்வதில்லை.

இன்னொருத்தி குதிக்கிறாள்

2022 பிப்ரவரியில் இந்தக் கதைக்குள் புதிதாக ஒருத்தி வந்து விழுந்தாள். 'தி கேர்ள் ஹூ ஃபெல் பினீத் தி சீ' என்ற ஆங்கில நாவல். கடலுக்கடியில் விழுந்த பெண் என்று சொல்லலாம். எழுதியவர் ஆக்ஸி ஓ, நியூயார்க்கில் பிறந்து நியூஜெர்சியில் வளர்ந்த கொரிய அமெரிக்கர். கல்லூரியில் கொரிய வரலாறு படித்தவர். பதின்பருவத்தினருக்கென்று 'யங் அடல்ட்' என ஒரு தனி அலமாரி வைத்திருக்கிறார்களே, அதில் மாயமும் காதலும் கலந்த வரிசையில் இது நிற்கிறது. நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலிலும் இடம்பிடித்தது.

இந்த நாவலிலும் சிம் சொங் இருக்கிறாள். பேரழகி. அந்த ஆண்டுக் கடல்தெய்வத்துக்கு மணப்பெண்ணாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவள். நூறு ஆண்டுகளாகப் புயலும் போருமாக நாடு அல்லாடுகிறது, தெய்வம் கோபத்தில் இருக்கிறது, உண்மையான மணப்பெண் ஒருத்தி போய்ச் சேர்ந்தால்தான் தணியும் என்று நம்பி ஆண்டுக்கு ஒரு பெண்ணைக் கடலில் விடுகிறார்கள். ஆனால் குதிப்பவள் சிம் சொங் இல்லை. அவளைக் காதலிக்கும் ஜூன் என்பவனின் தங்கை, 16 வயது மினா. தமிழ்க் காதுக்கு மீனா என்றே கேட்கும். கடலுக்குள் போகிறவளுக்குப் பொருத்தமான பெயர்தான், தற்செயல் என்றாலும். மணப்பெண்ணோடு யாரும் படகில் ஏறக் கூடாது என்பது கட்டளை. மீறி ஏறிவிட்ட அண்ணனையும் அவன் காதலியையும் காப்பாற்ற மினா முந்திக்கொண்டு விழுகிறாள்.

நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மினா குதித்தது கூட இல்லை, சிம் சொங் குதிக்காதது. ஒவ்வொரு முறை பாடும்போதும், அச்சடிக்கும்போதும், மேடையேற்றும்போதும் கப்பல் முனைக்குப் போய் நின்றவள் அவள். முதல்முறையாக ஒருவர் அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார். யாரும் அவளிடம், 'உனக்கு இதில் சம்மதமா' என்று கேட்டதில்லை என்பது நாவலின் தொடக்கத்திலேயே போகிறபோக்கில் புரிந்துவிடுகிறது.

கீழே ஆவிகளின் நகரம். விளக்கு வைத்த தெருக்கள், கடைவீதி, மேலே நீந்தும் மீன்கள், இறந்தவர்கள் மிதந்து வரும் ஆறு. கோபக்காரர் என்று ஊரே நடுங்கிய தெய்வமோ, மந்திரத்தில் கட்டுண்டு தூங்கிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞன். அவனுக்கும் மினாவுக்கும் இடையே கையில் ஒரு சிவப்பு நூல் கட்டப்பட்டிருக்கிறது. அதை வெட்ட வருகிறவன் ஷின். காதல் கதையில் முதல் சந்திப்பிலேயே மனசைத் திருடுவார்கள். இவன் மினாவின் ஆன்மாவையே எடுத்துக்கொண்டு போய்விடுகிறான், அதோடு குரலும் போய்விடுகிறது. ஆன்மா ஒரு மேக்பை பறவையாக மாறிக் கூண்டுக்குள் போகிறது.

ஏன் மேக்பை? கருப்பும் வெள்ளையுமான இந்தப் பறவையைக் கொரியர்கள் காச்சி என்பார்கள். காலையில் அது வாசலில் கத்தினால் நல்ல விருந்தாளி வருவார் என்பது அங்கே நம்பிக்கை. நம் வீட்டில் காக்கை கரைந்தால் சொல்வோமே, அதே பேச்சு. ஏழாம் மாதம் ஏழாம் நாள் வானத்தில் பிரிந்து கிடக்கும் இரு காதலர்கள் சந்திக்கப் பாலம் கட்டித் தருவதும் காக்கைகளும் மேக்பைகளும்தான். 2025-இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியாகி உலகத்தையே ஆட்டிவைத்த 'கே-பாப் டீமன் ஹன்டர்ஸ்' படத்தில் ஒரு புலியும் தலையில் தொப்பி வைத்த பறவையும் சுற்றித் திரியுமே, அதுவும் இதே இனம்தான். புலியையும் மேக்பையையும் சேர்த்து வரைவது கொரிய நாட்டுப்புற ஓவியத்தில் பழைய வழக்கம்.

மினாவைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்கிறது. ஷின்னின் தோழன் நம்கி ஓர் இமுகி. ஆயிரம் ஆண்டு காத்திருந்தால் டிராகன் ஆகலாம் என்ற நம்பிக்கையில் வாழும் மாபெரும் பாம்பு வகை அது. கொரியக் கதைகளில் இமுகிகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். பதவி உயர்வுக்குக் காத்திருந்தே ஓய்வுபெறும் குமாஸ்தாவின் முகம் அதற்கு. முகமூடி அணிந்த ஒருத்தி, ஒரு சிறுவன், அவன் முதுகில் ஒரு கைக்குழந்தை என மூன்று ஆவிகளும் மினாவோடு ஒட்டிக்கொள்கின்றன. அவர்கள் யார் என்பது தெரியவரும் பக்கங்களில் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. காதலைவிட அந்த இடம்தான் என்னைக் கலங்க வைத்தது.

குறை இல்லையா? உண்டு. நடுவில் தெய்வங்கள் வரிசையாக வந்து தங்கள் பங்குக்கு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார்கள். ஆவிகளின் நகரம் பல இடங்களில் ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' படத்தை நினைவூட்டுகிறது. அந்தச் சிவப்பு நூலும் கொரியாவுக்கு மட்டும் சொந்தமில்லை. நிலவொளியில் உட்கார்ந்து கல்யாணக் கணக்கைப் புரட்டும் கிழவர் சீனாவின் தாங் காலத்துக் கதையில் வருகிறவர். அதில் அவர் சிவப்புக் கயிற்றைக் கட்டுவது கால்களில். அதுவே ஜப்பானில் விரலுக்கு ஏறியது. இன்று கொரியத் தொடர், ஜப்பானியக் காமிக்ஸ், சீன நாவல் எல்லாவற்றிலும் ஒரே நூல் ஓடுகிறது. அமெரிக்காவில் வளர்ந்த பெண் பாட்டி சொன்ன கதையையும் சின்ன வயதில் பார்த்த ஜப்பானியப் படத்தையும் ஒன்றாகத்தான் நினைவில் வைத்திருப்பாள். அதைக் கலப்படம் என்று சொல்ல எனக்கு மனசில்லை.

பாட்டும் பறையும்

அச்சில் ஏறுவதற்கு முன் இந்தக் கதை தொண்டையில் இருந்தது. பான்சோரி என்பது கொரியாவின் தென்மேற்கில், ஜொல்லா பகுதியில் வேர்விட்ட கதைப்பாட்டு. ஒரு பாடகர், கையில் விசிறி. பக்கத்தில் ஒரு முரசுக்காரர். அவ்வளவுதான் மேடை. பாடுவார், வசனம் பேசுவார், அப்பாவாகவும் மகளாகவும் கப்பல்காரனாகவும் மாறுவார். முழுக்கதையும் பாட மணிக்கணக்கில் ஆகும். முரசுக்காரரும் கூட்டமும் இடையிடையே 'ஒல்சூ!' என்று குரல் கொடுப்பார்கள். நல்ல சங்கதி விழுந்தால் நாம் 'பலே' போடுவது போல. இன்று முழுமையாக எஞ்சியிருக்கும் பான்சோரிக் கதைகள் ஐந்து. அதில் ஒன்று சிம்சொங்-கா, சிம் சொங்கின் பாட்டு. 2003-இல் யுனெஸ்கோ பான்சோரியை மானுடத்தின் அருஞ்செல்வம் என்று அறிவித்தது. பழைய காலத்தில் அந்தப் பாடகர்கள் தாழ்த்தி வைக்கப்பட்டவர்கள். பலரும் சாமியாடிக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள்.

அந்த ஐந்தில் இன்னொன்று சுகுங்-கா. நோயில் கிடக்கும் கடல் அரசனுக்கு முயலின் ஈரல்தான் மருந்து. ஆமை மேலே வந்து முயலை ஏமாற்றி அழைத்துப் போகிறது. ஈரலைக் கரையில் காயப்போட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லி முயல் தப்பிக்கிறது. நம்மூர்க் குழந்தைகள் சிரித்துவிடும். குரங்கும் முதலையும் கதையேதான். ஜாதகக் கதையில் இருந்து பௌத்த நூல்கள் வழியாக நடந்துபோய், 1145-இல் தொகுக்கப்பட்ட 'சம்குக் சாகி' வரலாற்று நூலிலேயே ஆமையும் முயலுமாக இடம்பிடித்துவிட்டது. ஆக, ஒரு பாட்டில் பெண்ணைப் பலி கேட்கும் அதே கடல் அரசன் அடுத்த பாட்டில் முயலிடம் ஏமாந்து நிற்கிறான். பான்சோரி யாரையும் நெடுநேரம் பீடத்தில் வைத்திருக்காது.

சிம் சொங்கின் அப்பாவையும்தான். மகள் கடலுக்குப் போன பிறகு அவர் பெங்தொக்கின் அம்மா என்ற பெண்ணோடு சேர்கிறார். மகள் விட்டுப்போன சொத்தை அவள் தின்றே தீர்க்கிறாள், பிறகு வேறொருவனோடு ஓடியும் விடுகிறாள். பாடகர் இதைப் பாடும்போது கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். பெற்றோருக்குச் செய்யும் கடமையைக் கொரிய மொழியில் 'ஹ்யோ' என்பார்கள். கன்பூசிய ஒழுக்கத்தின் ஆணிவேர். பாடப்புத்தகம் அந்த ஹ்யோவைச் சொல்லத்தான் இந்தக் கதையை எடுத்துக்கொள்கிறது. பாட்டோ, இப்படி ஒரு மனிதருக்காகவா அந்தப் பெண் போனாள் என்று கேட்காமல் கேட்டுவிடுகிறது.

மகளின் கண்கள்

கொரிய எழுத்தாளர்கள் இந்தக் கதையோடு நெடுங்காலமாக மல்லுக்கட்டி வருகிறார்கள். 1930-களில், ஜப்பானிய ஆட்சிக் காலத்தில், ஷே மான்-சிக் 'சிம் பொங்சா' என்று ஒரு நாடகம் எழுதினார். அதில் தாமரை கிடையாது, போனவள் போனவள்தான். பார்வை திரும்பிய அப்பா, அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்று தெரிந்ததும் தன் கண்ணைத் தானே குத்திக்கொள்கிறார். 2003-இல் வெளியான நாவலில் ஹ்வாங் சொக்-யொங் அவளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்தார். விற்கப்பட்ட பெண் எங்கே போவாள்? துறைமுகம் துறைமுகமாக, விபசார விடுதிகளுக்குத்தான். கடல் அரசனின் மாளிகை என்ற அழகான திரைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அவர் விலக்கிக் காட்டினார்.

எல்லாவற்றையும்விட ஆழமாகக் கீறியது ஒரு திரைப்படம். இம் குவோன்-தேக் இயக்கி 1993-இல் வெளிவந்த 'சொப்யொன்ஜே'. யி சொங்-ஜுன் எழுதிய கதை. யூ-போங் ஊர் ஊராகப் பாடித் திரியும் பான்சோரிப் பாடகர். வளர்ப்பு மகள் சொங்-ஹ்வாவுக்குப் பாட்டு, வளர்ப்பு மகன் தோங்-ஹோவுக்கு முரசு. வறுமை தாங்காமல் பையன் ஓடிவிடுகிறான். மகளும் போய்விடுவாள் என்ற பயம், அவள் குரலில் இன்னும் வலி ஏறவில்லை என்ற குறை. 'ஹான்' என்று கொரியர்கள் சொல்லும் அந்த ஆறாத துயரம் இறங்கினால்தான் பாட்டு பாட்டாகும் என்று நம்புகிறார். மருந்தில் விஷ வேரைக் கலந்து கொடுத்து அவள் கண்ணைக் குருடாக்குகிறார்.

பல ஆண்டு கழித்துத் தம்பி அவளைத் தேடிக் கண்டுபிடிக்கிறான். தான் யார் என்று அவன் சொல்வதில்லை, அவளும் கேட்பதில்லை. ஒரு பாட்டு பாடுங்கள், நான் முரசு வாசிக்கிறேன் என்கிறான். இரவு முழுக்க அவள் பாடுகிறாள். எந்தப் பாட்டு? சிம் சொங்கின் பாட்டு. அப்பாவின் கண்ணுக்காக உயிரைக் கொடுத்த மகளின் கதையை, அப்பா கண்ணைப் பிடுங்கிக்கொண்ட மகள் பாடுகிறாள். வாசிப்பை வைத்தே அவன் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. விடிந்ததும் பிரிகிறார்கள். சோல் நகரில் மட்டும் பத்து லட்சம் பேர் டிக்கெட் வாங்கிய முதல் கொரியப் படம் அது.

இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் ஆக்ஸி ஓவின் நாவல் மென்மையானதாகத் தெரியும். கண் குத்திக்கொள்ளும் அப்பா இல்லை, விடுதி இல்லை, விஷ வேர் இல்லை. காதல் இருக்கிறது, அது ஜெயிக்கவும் செய்கிறது. பதின்பருவத்தினருக்கான கதை என்றால் பெரியவர்கள் உதட்டைப் பிதுக்குவது இதற்காகத்தான். ஆனால் ஷேயும் ஹ்வாங்கும் எவ்வளவு கோபப்பட்டாலும் அந்தப் பெண்ணைக் கடலுக்கு அனுப்பித்தான் வைத்தார்கள். கடலுக்கு ஒரு பெண் வேண்டும் என்று யார் முடிவு செய்தது என்ற கேள்வியைக் கடலுக்கு அடியிலேயே போய், தூங்குகிற தெய்வத்தின் தோளை உலுக்கிக் கேட்டவள் மினா. தெய்வம் கேட்டதா, மனிதர்களாகக் கொடுத்தார்களா என்பதில்தான் கதையின் முடிச்சே இருக்கிறது. என் மனக்குறை வேறு. சிம் சொங்கைக் கரையில் நிறுத்தியதற்கு ஈடாக இன்னொரு பெண் விழவேண்டியிருக்கிறது. சொந்த விருப்பத்தில் விழுகிறாள், சரி. விழுவது பெண்தான்.

சாமியாடிகளின் நூலகம்

கொரியாவில் இருந்து வரும் மாயக் கதைகள் என்றால் நம்மூரில் முதலில் நினைவுக்கு வருவது தொடர்கள். ஊரடங்குக் காலத்தில் கொரியத் தொடர் பார்க்கத் தொடங்கி, 'ஒப்பா', 'சாரங்ஹே' என்று வீட்டில் பேசித் திரிந்த பிள்ளைகளுக்கு 'காப்ளின்' தொடரின் தொக்கேபி என்ற பூதத்தையும் ஒன்பது வால் நரியையும் நன்றாகவே தெரியும். நரிதான் குமிஹோ. அழகான பெண்ணாக வந்து ஆளைத் தின்னும். 2010-இலேயே அவளைக் காதல் நகைச்சுவைத் தொடரின் நாயகி ஆக்கிவிட்டார்கள். 2019-இல் கேட் சோ எழுதிய 'விக்கட் ஃபாக்ஸ்' நாவலில் குமிஹோ ஒரு பள்ளி மாணவி. இன்றைய சோலில், கெட்டவர்களாகப் பார்த்து உயிர்சக்தியை உறிஞ்சிப் பிழைக்கிறாள். காட்டில் ஒரு பையனைத் தொக்கேபியிடமிருந்து காப்பாற்றப் போய்த் தன் நரிமணியைத் தவறவிடுகிறாள். விறுவிறுப்பான புத்தகம். இரண்டாம் முறை படிக்க அதில் மிச்சம் இருக்கிறதா என்றால், பையனின் பாட்டி ஒருத்தி போதும்.

ஆனால் நரியும் தொக்கேபியும் வாசல் திண்ணை மட்டும்தான். உள்ளே பெரிய நூலகம் இருக்கிறது. அதன் காவலர்கள் முதாங் எனப்படும் சாமியாடிகள், பெரும்பாலும் பெண்கள். அவர்கள் நடத்தும் சடங்குக்குப் பெயர் 'குத்'. ஆட்டமும் பாட்டும் முரசும் படையலுமாக விடிய விடிய நடக்கும். பெயரைக் கேட்டதும் நமக்குக் கூத்து நினைவுக்கு வரும். அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு ஆராய்ச்சியில் இறங்க வேண்டாம். கிழக்குக் கடற்கரை மீனவ ஊர்களில் நடக்கும் பெரிய சடங்கில் சிம்சொங்-குத் என்றே ஒரு பகுதி உண்டு. சிம் சொங்கின் முழுக்கதையையும் சாமியாடி நின்று பாடுவார். எதற்காக? ஊர்க்காரர்களுக்குக் கண்நோய் வராமல் இருக்க, பார்வை தெளிவாக இருக்க. பாடப்புத்தகத்தில் கடமையின் உருவமாக நிற்பவள், இங்கே கண்ணைக் காக்கும் பெண்தெய்வம் போல அழைக்கப்படுகிறாள்.

இறந்தவர்களுக்கான குத்தில் பாடப்படுபவள் பாரி. நம் பறம்புமலைப் பாரிக்கும் இவளுக்கும் உறவில்லை. தூக்கி எறியப்பட்டவள் என்பது அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் பொருள். ஏழாவதும் பெண்ணா என்று அரசன் எறிந்த குழந்தை. அதே அப்பா நோயில் விழுந்ததும், வளர்த்த ஆறு மகள்களும் கைவிரிக்க, எறியப்பட்டவள் மறுவுலகுக்கு மருந்துநீர் எடுக்கப் போகிறாள். அங்கே காவல் இருப்பவன் சும்மா தருவானா? மூன்று ஆண்டு விறகு, மூன்று ஆண்டு நெருப்பு, மூன்று ஆண்டு தண்ணீர் என்று ஒன்பது ஆண்டு வேலை வாங்கி, கல்யாணமும் செய்துகொண்டு, ஏழு பிள்ளைகளும் பெற்ற பிறகுதான் தருகிறான். திரும்பி வந்து அப்பாவை எழுப்பியவளுக்குப் பாதி நாடு தருகிறேன் என்றபோது வேண்டாம் என்று சொல்லிவிடுகிறாள். இறந்தவர்களுக்கு வழிகாட்டும் தெய்வமாகப் போய்விடுகிறாள்.

கத்தி மேல் நடந்தவள்

எனக்கு மிகவும் பிடித்தவள் இன்னும் தெற்கே, ஜேஜு தீவில் இருக்கிறாள். எரிமலைக் கல்லும் காற்றும் கடலில் மூச்சடக்கி மூழ்கும் பெண்களும் நிறைந்த தீவு. அங்கே சாமியாடிக்குப் பெயர் சிம்பாங். அவர்கள் தெய்வங்களின் பிறப்புக் கதையைப் பாடுவது பொன்புரி. விவசாயத்தின் பெண்தெய்வம் ஜாசொங்பியின் பொன்புரியைக் கேட்டால், பதிப்பாளர்கள் இன்று தேடித் திரியும் காதல் மாயக்கதை எத்தனை தலைமுறையாகப் பாடப்பட்டு வருகிறது என்று தெரியும்.

ஜாசொங்பி நீர்க்கரையில் துணி துவைக்கிறாள். வானுலக இளைஞன் முன் தொரியொங் படிக்கப் போகும் வழியில் தண்ணீர் கேட்கிறான். சுரைக்குடுவையில் நீர் மொண்டு, அவசரமாகக் குடித்துப் புரையேறிவிடக் கூடாதென்று அதில் இலையைக் கிள்ளிப் போட்டுக் கொடுக்கிறாள். என்னைப் போலவே ஒரு தம்பி இருக்கிறான், அவனும் படிக்க வருவான் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடி ஆண் உடை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள். மூன்று ஆண்டு ஒரே அறை. அவனுக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் ஒரு தந்திரம். இரண்டு படுக்கைக்கும் நடுவே தண்ணீர்ப் பாத்திரம் வைத்து, அதன் விளிம்பில் குச்சிகளைக் குறுக்கே வைக்கிறாள். தூக்கத்தில் இது விழுந்தால் படிப்பு ஏறாது என்று குரு சொன்னார் என்கிறாள். அவன் பயத்தில் இரவெல்லாம் விழித்திருந்து பகலில் வகுப்பில் தூங்குகிறான். யார் அதிக தூரம் சிறுநீர் பாய்ச்சுவது என்று போட்டி வைக்கிறான். மூங்கில் குழாயை வைத்து அதிலும் ஜெயிக்கிறாள். சிம்பாங்குகள் இதைச் சடங்கில் பாடுகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

கதை உடனே இருளுக்குள் போகிறது. காதலன் வானுலகம் திரும்பிவிட்ட பிறகு, காட்டில் தன்னை நெருங்கிய வேலைக்காரனை அவள் கொன்றுவிடுகிறாள். வீட்டில் என்ன சொல்கிறார்கள்? பெண் ஒருநாள் வேறு வீட்டுக்குப் போகிறவள், வேலைக்காரன் இருந்தால் எங்களுக்குச் சோறாவது போடுவான் என்று விரட்டுகிறார்கள். அவள் மறுபடி ஆண் உடையில் கிளம்பி, உயிர் கொடுக்கும் மலர்கள் பூக்கும் சொச்சொன் தோட்டத்துக்குப் போய்ப் பூப் பறித்து வந்து அவனை எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்துகிறாள். அப்போதும் வசவுதான்: ஆளைக் கொல்லவும் எழுப்பவும் தெரிந்த பெண் வீட்டுக்கு ஆகாது, போ வெளியே. கொன்றாலும் குற்றம், எழுப்பினாலும் குற்றம். எந்த நூற்றாண்டுப் பெண் இதைக் கேட்டுத் தலையாட்ட மாட்டாள்?

அவள் வானுலகம் போய்ச் சேர்கிறாள். மருமகளாக வர வேண்டுமானால் தீக்கங்குக் குழியின் மேல் கத்திகளால் கட்டிய பாலத்தில் நடந்து காட்டு என்கிறார்கள் மாமனார் மாமியார். நடக்கிறாள். கடைசி அடியில் குதிகால் கிழிந்து ரத்தம் வருகிறது, உடையால் துடைத்துக்கொள்கிறாள். பெண்களின் மாதவிலக்கு அப்படித்தான் வந்தது என்று சில பாடங்களில் பாடுகிறார்கள். பின்னர் வானுலகில் கலகம் மூண்டபோது அதை அடக்கியவளும் இவளே. நிலம் தருகிறோம் என்றார்கள். விதை கொடுங்கள் போதும் என்றாள். ஐந்து தானிய விதைகளோடு ஏழாம் மாதப் பௌர்ணமி நெருங்கும் வேளையில் பூமிக்கு இறங்கினாள்.

சிம் சொங் விற்கப்பட்டாள், பாரி எறியப்பட்டாள். மினாவை ஒரு நூல் இழுத்தது. பெற்றோர் பின்னால் விரட்டினாலும், ஜாசொங்பியை முதலில் யாரும் எங்கேயும் அனுப்பவில்லை. பிடித்தவனைப் பார்த்ததும் அவளே கிளம்பினாள். ஆக்ஸி ஓ 2025-இல் வானுலகக் கன்னியின் கதையை எடுத்து 'தி ஃப்ளோட்டிங் வேர்ல்ட்' எழுதிவிட்டார். குளிக்கும் தேவகன்னியின் உடையை விறகுவெட்டி திருடி வைத்துக்கொண்டு அவளை மனைவியாக்கும் அந்தப் பழங்கதையை இன்றைய கொரியப் பெண்கள் திருட்டு என்றே சொல்கிறார்கள். அலமாரியில் அடுத்த இடம் இந்தத் தீவுக்காரிக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் கட்சி.

வடமேற்கே பெங்நியொங் தீவில் சிம் சொங்குக்கு மண்டபம் இருக்கிறது, 1999-இல் கட்டியது. இந்தாங்சு இதுதான் என்று கைகாட்டுவார்கள். அந்த நீருக்கு அப்பால், 20 கிலோமீட்டருக்குள், வட கொரியாவின் முனை தெரியும். நடுவில் போர்க்கப்பல்கள். தெற்கே ஜொல்லாவின் கொக்சொங் ஊரும் அவள் எங்கள் பெண் என்று உரிமை கொண்டாடித் திருவிழா நடத்துகிறது. ஜாசொங்பிக்கு உரிமை கோர ஊர்கள் சண்டை போடவில்லை. அவளைத் தேட வேண்டுமானால் வயலுக்குத்தான் போக வேண்டும்.

விதைகளோடு இறங்கி வந்து எல்லாவற்றையும் விதைத்து முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்ததாம், ஒன்றை மறந்துவிட்டோம் என்று. திரும்ப வானத்துக்கு ஏறிப் போய் அந்த ஒரு விதையையும் எடுத்து வந்தாள். பக்வீட் எனும் மரக்கோதுமை. அதனால்தான் மற்ற பயிர்களுக்குப் பின்னால் விதைத்தாலும் அது அறுவடைக்குச் சேர்ந்து வந்துவிடுகிறது என்கிறார்கள். கொரியாவில் அது அதிகம் விளைவது ஜேஜுவில். பூக்கும் காலத்தில் கருங்கல் வேலிகளுக்கு நடுவே வயல் முழுக்க வெள்ளையாக இருக்கும். அந்த மாவைக் கரைத்து மெல்லிய தோசையாக ஊற்றி, வேகவைத்த முள்ளங்கியை உள்ளே வைத்துச் சுருட்டி, திருவிழாவிலும் துக்க வீட்டிலும் தருகிறார்கள்.